குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

குளிர்காலக் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "பேட்டரி போச்சு" என்பதுதான். பல சமயம் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. அதனாலேயே மற்ற காரணங்களை யாரும் தேடுவதில்லை. புதுப் பேட்டரி போட்ட மறுநாளும் வண்டி அதே பாட்டைப் பாடும்போதுதான் காசு வீணானது தெரிகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள். சாவியைத் திருப்பும்போது என்ஜின் எப்படிச் சுற்றுகிறது? முக்கி முனகி, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அல்லது வழக்கமான வேகத்தில் நன்றாகவே சுற்றியும் பிடிக்க மாட்டேன் என்கிறதா? முதல் வகை, என்ஜினைச் சுழற்றத் தேவையான பலம் கிடைக்காத பிரச்சினை. பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார், என்ஜின் ஆயில் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அதற்குக் காரணம். இரண்டாவது வகையில் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே எரிபொருளோ தீப்பொறியோ சென்சாரோதான் சிக்கல். காதுக்கு எட்டும் இந்த வித்தியாசம், தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

குளிர் என்ன செய்கிறது?

என்ஜின் உயிர் பெற மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். அதை யாராவது போதுமான வேகத்தில் சுற்றிவிட வேண்டும். காற்றும் எரிபொருளும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவை சரியான நேரத்தில் தீப்பிடிக்க வேண்டும். குளிர் இந்த மூன்றின் மீதும் ஒரே நேரத்தில் கை வைக்கிறது.

சுற்றிவிடும் வேலையை ஒரு காலத்தில் மனிதர்களே செய்தார்கள். முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் 1912-ம் ஆண்டின் கெடிலாக் கார்களில் வந்த பிறகு அந்த வேலை பேட்டரியின் தலையில் விழுந்தது. அன்றும், பெரும்பாலான வண்டிகளில் இன்றும் அது ஈய-அமில பேட்டரிதான். உள்ளே நடப்பது வேதிவினை. குளிர் கூடக் கூட வேதிவினையின் வேகம் குறையும், பேட்டரியின் உள்மின்தடை ஏறும். முழுதாக சார்ஜ் ஆன நல்ல பேட்டரிகூட மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் தன் இழுவைத் திறனில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். அதே நேரத்தில் என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கிறது. வரவு குறையும் நேரம் பார்த்துச் செலவு ஏறுகிறது.

பேட்டரி மேல் ஒட்டிய லேபிளில் சி.சி.ஏ. என்ற எழுத்துகளுடன் ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில், மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல், 30 விநாடிகள் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும் என்பதே அந்த எண். குளிரான இடத்தில் ஓடும் வண்டிக்குப் பேட்டரி வாங்கும்போது ஆம்பியர்-அவர் அளவோடு (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) இதையும் பார்க்க வேண்டும். வண்டித் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல, வெயில். உள்ளே இருக்கும் தகடுகள் அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் வெப்பத்தில்தான் வேகமாக நடக்கின்றன. கோடையில் என்ஜின் லேசாகச் சுற்றுவதால் பேட்டரியின் தளர்ச்சி வெளியே தெரிவதில்லை. முதல் கடுங்குளிர் வந்ததும் குட்டு உடைகிறது. ஆகவே "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்ற வாதம் இங்கே செல்லாது.

ஆயில் பற்றியும் கொஞ்சம். டப்பாவில் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று போட்டிருப்பார்கள். முன்னால் இருக்கும் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது, பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் அதன் தடிப்பைச் சொல்கிறது. முதல் எண் சிறியதாக இருந்தால் குளிரில் இளகி ஓடும். தரநிர்ணயத்தின்படி 15டபிள்யூ ஆயிலின் தடிப்பை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில். பழைய என்ஜினுக்குத் தடித்த ஆயில்தான் நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. குளிரான இடத்தில் அந்த நம்பிக்கை செல்ஃப் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் எமன். வண்டியின் கையேட்டில் வெப்பநிலைவாரியாக எந்த ஆயில் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதை மீறி யோசனை சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்தது எரிபொருள். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. குளிர்ந்த என்ஜினுக்குள் தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி, குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுக்காற்று படிவதுபோல உட்புறச் சுவரில் அப்படியே படிந்துவிடுகிறது. மீதி ஆவி மட்டும் போதாது. அதனால் ஸ்டார்ட் செய்யும் சில விநாடிகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சோக் இழுப்பது இதற்குத்தான். இப்போதைய வண்டிகளில் என்ஜினின் கணினி, கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரைக் கேட்டுவிட்டு இந்தக் கூடுதலை முடிவு செய்கிறது. அந்தச் சின்ன சென்சார் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

மெதுவாகச் சுற்றினால்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 ஏறக்குறைய முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. வெறும் 0.6 வோல்ட் வித்தியாசத்தில் முக்கால்வாசி பேட்டரி காலியாகிவிடும் என்பதைக் கவனியுங்கள். "12 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலர் ஏமாறும் இடம் இது.

ஆனால் ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டுவது மட்டும் சாட்சியாகாது. ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, என்ஜின் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். மிதமான தட்பவெப்பத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. கடுங்குளிரில் இன்னும் சற்று இறங்கலாம். 12.6-ல் இருந்து சட்டென்று 8-க்குச் சரிந்தால், சார்ஜ் இருந்தும் சக்தி இல்லாத பேட்டரி அது. மாற்றத்தான் வேண்டும். ஆரம்பத்திலேயே 12.1 காட்டினால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். பேட்டரி நல்லதாக இருந்து, அதை ஏற்ற வேண்டிய டைனமோ சோம்பேறியாக இருக்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை வந்தால் டைனமோ பிழைப்பில் இருக்கிறது என்று பொருள். சில புது வண்டிகளில் கணினியே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும். அங்கே எண் கொஞ்சம் ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டைனமோவும் நன்றாக இருந்து, இரவோடு இரவாக பேட்டரி இறங்குகிறதா? எங்கோ மின்சாரம் கசிகிறது. வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் கடிகாரம், அலாரம் போன்றவை கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும். எல்லாக் கணினிகளும் தூங்கிய பிறகு அது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். டிக்கி விளக்கு அணையாமல் இருப்பதும், பிறகு வாங்கிப் பொருத்திய கேமராவோ ஆம்ப்ளிஃபயரோ நேரடியாகப் பேட்டரியில் இருந்து உறிஞ்சுவதும்தான் வழக்கமான குற்றவாளிகள். தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓடும் வண்டியின் பேட்டரி இறங்க எந்தக் கசிவும் தேவையில்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்ததையும், ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி, முன்விளக்கு ஆகியவை தின்பதையும் அந்தப் பத்து நிமிடத்தில் டைனமோவால் ஈடுகட்ட முடியாது.

இனி கேபிள். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், இதில்தான் காசில்லாமல் சரியாகும் கோளாறுகள் அதிகம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை-நீலமாகவோ பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. வெளியே பளபளப்பாக இருக்கும் கேபிள் உள்ளே அரித்திருக்கவும் கூடும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளிலோ (பேட்டரியின் நெகட்டிவை என்ஜினோடு இணைப்பது) அதன் இணைப்பிலோ கோளாறு. பெட்ரோல் வண்டியின் செல்ஃப்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு மின்சாரம் ஓடும்போது மெல்லிய துருப்படலமும் பெரிய தடை.

என்ஜின் சுற்றவே இல்லை, சத்தம் மட்டும் வருகிறதா? "டக் டக் டக்" என்று வேகமாகத் துடித்தால் பெரும்பாலும் பேட்டரி டவுன். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டுவிட்டு அமைதியானால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சொலினாய்டையோ (மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த ஸ்விட்ச்) சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்தே போகும் நிலைக்கு வந்தால் பேட்டரி அல்லது இணைப்பு. விளக்கு அசையாமல் எரிய, என்ஜினும் அசையாமல் இருந்தால் செல்ஃப் பக்கம் போகலாம்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்

சாவியை "ஆன்" நிலைக்குக் கொண்டுவந்து, செல்ஃப் அடிக்காமல் இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பின் இருக்கைக்கு அடியில் இருந்து மெல்லிய "ஊங்" சத்தம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். சாவியை அணைத்து மறுபடி ஆன் செய்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், இரவில் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்பின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு பிடிப்பு இழந்திருக்கலாம், அல்லது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று ஒழுகலாம். பைசா செலவில்லாத சோதனை.

இப்போது அந்தப் பொய் சொல்லும் சென்சாருக்கு வருவோம். வெளியே உறைபனி இருக்கும்போது "என்ஜின் 80 டிகிரி சூடாக இருக்கிறது" என்று அது கணினிக்குச் சொன்னால், கணினி கூடுதல் பெட்ரோல் ஊற்றாது. வண்டி பிடிக்காது. சூடான பிறகோ எல்லாம் சரியாக நடக்கும், ஏனென்றால் அப்போது பொய் உண்மையாகிவிடுகிறது. காலையில் மட்டும் படுத்தும் வண்டிகளில் இதை நான் முதலில் சந்தேகிப்பேன். சோதிப்பது சுலபம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினி சொல்வதைப் படிக்கும் இணைப்பு) மாட்டும் மலிவான ஸ்கேனரும் ஒரு செல்போனும் போதும். இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருபது முப்பது டிகிரி விலகி நின்றால் இரண்டில் ஒன்று பொய்யர்.

ஸ்பார்க் பிளக் ஓடி ஓடித் தேயும்போது அதன் நுனி இடைவெளி அகலமாகும். இடைவெளி அகலமானால் தீப்பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். குளிரில் செல்ஃப் இழுக்கும் இழுப்பில் பேட்டரி மின்னழுத்தம் இறங்கியிருக்கும்போது தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலும் சோர்ந்துதான் இருக்கும். நடுப்பகலில் சமாளித்துவிடும் தேய்ந்த பிளக், விடியற்காலையில் கைவிடுவது இதனால்தான். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

பல முறை முயன்று பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தால் பிளக்குகள் நனைந்துவிட்டன, அதாவது ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. சில நிமிடம் பொறுத்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் இந்த நிலையில் கணினி பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும், பிளக்குகள் காயும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். மற்ற நேரத்தில் இன்ஜெக்ஷன் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம்.

எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள் குளிரில் சுத்த பெட்ரோலைவிட மெதுவாக ஆவியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீசல் தனி உலகம்

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிகவும் நெருக்கி, அந்த நெருக்கலில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறார்கள். குளிர்ந்த இரும்புச் சுவர்கள் அந்தச் சூட்டைத் திருடிவிடும். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் திருட இன்னும் அவகாசம் கிடைக்கும். ஆகவே பெட்ரோல் வண்டி எப்படியோ சமாளித்துவிடும் பலவீனமான பேட்டரி, டீசல் வண்டியைக் கவிழ்த்துவிடும்.

இந்தக் குறையைப் போக்க ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கிறது. சாவியை ஆன் செய்ததும் டாஷ்போர்டில் சுருள்போல ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது அணையும்வரை காத்திருந்து பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். நான்கில் ஒன்று செத்துப்போனால் ஸ்டார்ட் ஆகும், ஆனால் முதல் சில நிமிடம் வண்டி உதறி, வெள்ளைப் புகை கக்கும். இரண்டு மூன்று செத்தால் காலையில் பிடிக்காது. இணைப்பைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கின் தடையையும் அளந்தால் தெரிந்துவிடும். நல்லது ஓரிரு ஓம் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ காட்டும், செத்தது முடிவிலி காட்டும்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை: சூடு போதவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. அப்போது ஃபில்டரைப் பாருங்கள். டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் மிகும்போது அது துகளாகப் பிரிந்து டீசலைக் கலங்கலாக்கி, ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரும் உறைந்து வழியை மறிக்கும். குளிர் நாடுகளில் இதற்கென்றே குளிர்கால டீசல் விற்கிறார்கள். வெப்பமான பகுதியில் டேங்க் நிரப்பிக்கொண்டு மலையேறும் வண்டிகள் மாட்டிக்கொள்வது இதில்தான். மெழுகைத் தடுக்கும் திரவங்கள் கிடைக்கின்றன, ஆனால் மெழுகு பிரிவதற்கு முன் ஊற்றினால்தான் பலன். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்கும் பழைய யோசனையை டீசலை மிக அதிக அழுத்தத்தில் தெளிக்கும் இன்றைய காமன் ரெயில் என்ஜினில் செய்துவிடாதீர்கள். அதன் பம்புக்கு டீசல்தான் மசகு, அது நீர்த்தால் பம்ப் தேயும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினுக்குள் ஈத்தர் ஸ்பிரே (எளிதில் தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் திரவம்) அடிப்பதும் ஆபத்து, நேரம் தப்பி வெடித்து என்ஜினை உடைக்கும்.

அந்தக் காலையிலேயே கிளம்பியாக வேண்டும் என்றால்

விளக்கு, விசிறி, மியூசிக் எல்லாவற்றையும் அணையுங்கள். கியர் வண்டி என்றால் நியூட்ரலில் வைத்து கிளச்சை முழுதாக மிதியுங்கள், கியர்பாக்ஸில் கெட்டியாகிக் கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுழற்றும் வேலை மிச்சமாகும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூட்டில் கருகும்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். பக்கங்கள் உப்பியிருந்தாலோ உள்ளே உறைந்திருந்தாலோ தொடவே கூடாது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது. காலியான பேட்டரியில் அமிலம் நீர்த்து ஏறக்குறைய தண்ணீராக இருப்பதால் உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே உறைந்துவிடும். அதில் மின்சாரம் ஏற்றினால் வெடிக்கலாம். நல்ல நிலையில் இருந்தால் சிவப்புக் கேபிளை முதலில் இறந்த பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை இறந்த வண்டியின் என்ஜினில் பேட்டரிக்குத் தள்ளி இருக்கும் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் தீப்பொறி வரும். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் கசிவதால் அது பேட்டரிக்குப் பக்கத்தில் நடக்கக் கூடாது. கழற்றும்போது இதற்கு நேர்மாறான வரிசை.

ஸ்டார்ட் ஆனதும் நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிடும் பழக்கம் வேண்டாம். ஓரிரு நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பி, சூடேறும்வரை அடக்கி ஓட்டினால் என்ஜின் சீக்கிரம் சூடாகும், பேட்டரிக்கும் அதிகம் ஏறும். மூடிய கராஜுக்குள் ஓடவிடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை.

மெக்கானிக்கிடம் போவதானால், வண்டியை ஓட்டிக்கொண்டு போய் "காலையில் ஸ்டார்ட் ஆகல" என்று சொல்லிப் பயனில்லை. போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகியிருக்கும். அவர் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடிக்கும், உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். முந்தின மாலையே கொண்டுபோய் வெளியில் நிறுத்திவிட்டு வாருங்கள். காலையில் அவரே முதலில் ஸ்டார்ட் செய்யட்டும். அது முடியாவிட்டால், உங்கள் வீட்டு வாசலில் காலை முதல் முயற்சியின் சத்தத்தைச் செல்போனில் பதிந்து எடுத்துக்கொண்டு போங்கள்.